இடது பாதம்

நான் வலக்கைக்காரி.
ஒவ்வொரு சர்வீஸுக்கும் மேலே எகிறி
இடது காலில்தான் இறங்குவேன்.
ஓர் ஆட்டத்துக்கு எண்பது முறை,
மூன்றாம் செட் போனால் நூற்றுச் சொச்சம்.
பந்தை அடித்த அடிக்கெல்லாம்
யாராவது ஒருவரிடம் கணக்கு இருக்கிறது.
தரையில் வைத்த அடிக்கு
எலும்பு மட்டும் கணக்கு வைத்திருந்தது
இரண்டாம் விரலுக்குப் பின்னால்
மயிரிழை போல் ஒரு கீறலாக.

ரீகாவில், டிராம் கம்பிகள் தெரியும் அறையில்
கிர்ட்ஸ் ஓர் உலோகத் தகட்டை என் காலடியில் வைத்தான்.
"பெருவிரலால் அழுத்து. குதிகால் எழக் கூடாது."
வலது: பதினான்கு கிலோ.
இடது: எட்டு.
கருவி பழுது என்றேன்.
அவன் தன் காலை வைத்து அழுத்திக் காட்டினான்.
கருவி நன்றாகத்தான் இருந்தது.

தோளுக்கு ஒருவர், தொடைக்கு ஒருவர்,
மனசுக்குக்கூட மாதம் இருமுறை ஒருவர்
என்று சம்பளம் கொடுத்திருக்கிறேன்.
பாதத்துக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன்.
விலை உயர்ந்த ஷூ.
உள்ளே வளைவைத் தாங்க ஒரு மெத்தை,
குதிகாலைப் பிடிக்க ஒரு கிண்ணம்.
எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ள
உள்ளே என் தசைகள்
பணக்கார வீட்டு மருமகன்களாகப் படுத்துக் கிடந்தன.

"விரலை மடக்காமல் பாதத்தைக் குட்டையாக்கு."
இவ்வளவுதான் பயிற்சி.
முதல் நாள் என் தாடை இறுகியது,
புருவம் ஏறியது,
கழுத்து நரம்புகூடப் புடைத்தது.
பாதம் அப்படியே கிடந்தது,
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

ஏழு வாரம்.
பிறர் ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டி வாடகை கொடுத்தேன்.
ரயிலில், கம்பு ரொட்டி வாங்கும் வரிசையில்,
வங்கிக்காரி என் கடனைப் படித்துச் சொன்னபோது,
பூட்ஸுக்குள் யாருக்கும் தெரியாமல்
வளைவைத் தூக்கினேன், இறக்கினேன்.
எட்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை
உள்ளங்காலில் ஏதோ துடித்தது.
மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டுப் போனது போல.

ஜூனில், யூர்மலாவில், செம்மண் தளத்தில்
திரும்பி வந்தேன்.
எதிரே போக்லார்கா, ஹங்கேரிக்காரி, பத்தொன்பது வயது.
மூன்றாம் செட், நாலுக்கு ஐந்து,
வலப்பக்கம் எட்டாத தூரத்தில் ஒரு பந்து.
சறுக்கினேன்.
கால் நின்றது.
ஐந்து விரலும் தனித்தனியாய் மண்ணைப் பிடித்ததை
ஷூவுக்குள் உணர்ந்தேன்.
பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது,
இரண்டு விரற்கடை.

தோற்றுவிட்டேன்.
தோற்றதற்குக் கால் காரணமில்லை என்பது
எனக்குப் புதிய அனுபவம்.

ஆட்டம் முடிந்தால் எல்லோரும்
கடலில் முழங்கால் வரை நின்றுவிட்டு வருவோம்.
ஐஸ் வாங்கத் தேவையில்லாத கடல்.
திரும்பும்போது பைன் மரங்களுக்கிடையே பலகைப் பாதை,
அதில் என் ஈரத் தடம்:
குதிகால், ஓரமாய் ஒரு மெல்லிய கோடு, ஐந்து புள்ளி.
நடுவில் பலகை உலர்ந்திருந்தது.
அந்த உலர்ந்த இடம் ஏழு வாரச் சம்பாத்தியம்.
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கஞ்சனைப் போல.

அப்போதுதான் முன்னே போன தடங்களைப் பார்த்தேன்.
அவளுடையவை.
வலது சரியாக இருந்தது.
இடது, இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுத்தது போல்
முழுசாக, உள்பக்கம் சரிந்து.
அவளும் வலக்கைக்காரி.

நாளை அவளுக்கு அரையிறுதி.
என் பரிசுப் பணத்தைப் போல் மூன்று மடங்கு.

"போக்லார்கா!"
திரும்பினாள்.
வலையருகே சொன்ன வாழ்த்தையே
மறுபடி சொல்ல வருகிறேன் என்று நினைத்து
சிரித்து, கையசைத்து, நடந்தாள்.
ஹங்கேரிய மொழியில் பாதத்துக்கு என்ன சொல்
என்று எனக்குத் தெரியாது.
வெயில் இரவு பத்து வரை நிற்கும் ஊர்.
பலகையில் அவள் தடங்கள்
விரல்களிலிருந்து தொடங்கி
உலர ஆரம்பித்திருந்தன.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஓடினேன்.